ஒட்டுவது வேறு, உதவுவது வேறு

மைசூரு என்றால் நமக்கு அரண்மனையும் தசராவும் மைசூர்பாகும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே ஊரில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத இன்னொரு மாளிகை உண்டு. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் இளவரசி செலுவஜம்மண்ணிக்காகக் கட்டப்பட்ட செலுவாம்பா மாளிகை அது. 1950 அக்டோபர் 21 முதல் அங்கே இயங்கிவருவது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சி.எஃப்.டி.ஆர்.ஐ. எருமைப்பாலிலிருந்து கைக்குழந்தைகளுக்கான பால்மாவு தயாரிக்கும் முறையை வகுத்து அமுல் நிறுவனத்துக்குக் கொடுத்தது இதுதான். இன்று அந்த வளாகத்தில் நடக்கும் பல வேலைகளில் ஒன்று, மனிதக் குடலுக்கு நன்மை செய்யக்கூடிய பாக்டீரியாக்களைத் தேடுவது. பிரகாஷ் ஹலாமியின் ஆய்வுக் குழு, பால்பொருள்களிலிருந்தும் மனித மலத்திலிருந்தும் பிரித்தெடுத்த லாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்டம் பாக்டீரியாக்களின் இயல்புகளை 2015-இல் வெளியிட்டது. 2018-இல் ஃபெர்மென்டத்தையும் லாக்டோபேசில்லஸ் டெல்புரூக்கியையும் ஆய்வகத்தில் வளர்த்த குடல் செல்கள்மீது விட்டு, எந்த அளவுக்கு ஒட்டுகின்றன, அழற்சியைத் தணிக்கின்றனவா என்று பார்த்தது. 2021-இல் வெளியான ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்கும் மருந்து கொடுத்து நீரிழிவு வரவழைக்கப்பட்ட எலிகளுக்கும் ஃபெர்மென்டம் ரகங்கள் கொடுக்கப்பட்டன. எலிகளின் உடலில் அழற்சி குறைந்தது.

ஆய்வகத் தட்டு, எலி, மனிதர் என்று மூன்று படிகள் உள்ள ஏணி இது. மேலே சொன்ன ஆய்வுகள் முதல் இரண்டு படிகளைச் சேர்ந்தவை. ஆய்வாளர்களும் அதற்கு மேல் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் புரோபயாடிக் என்ற பெயரில் கடையில் விற்கும் புட்டிகளும் மாத்திரை அட்டைகளும் பேசும் மொழி வேறு. ‘குடலில் ஒட்டி நிலைக்கும்’, ‘நோயெதிர்ப்பைக் கூட்டும்’ என்ற வாசகங்களில் பல, தட்டில் கிடைத்த முடிவை மனித வயிற்றில் கிடைத்த முடிவுபோலச் சொல்பவை. ஆய்வகத் தட்டில் ஒட்டிய பாக்டீரியா ஹால் டிக்கெட் வாங்கிய மாணவருக்குச் சமம். ஹால் டிக்கெட் இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. ஆனால் அதைக் கையில் வைத்திருப்பவரெல்லாம் பாஸானவர் அல்ல. இந்த வேறுபாட்டை வாங்குகிறவர் புரிந்துகொள்ளாதவரை, நல்ல ஆய்வும் வெறும் விளம்பரமும் ஒரே விலைக்கு விற்கும்.

புரோபயாடிக் என்ற சொல்லுக்கு ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் ஒரு வரையறை வகுத்தது: உயிருள்ள நுண்ணுயிராக இருக்க வேண்டும், போதிய அளவில் உட்கொள்ளப்பட வேண்டும், உட்கொண்டவரின் உடல்நலத்துக்கு நன்மை தர வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் கடினமானது. அதோடு, நன்மை என்பது இனத்துக்குப் பொதுவான சொத்து அல்ல, ரகத்துக்கு உரியது. மாப்பிள்ளைச் சம்பாவும் ஐ.ஆர். எட்டும் தாவரவியலில் ஒரே நெல்தான். ஆனால் வயலிலும் உலையிலும் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. பாக்டீரியாவும் அப்படித்தான். ஒரே இனத்தின் ஒரு ரகம் குடல் சளியைப் பற்றிக்கொள்ளும், இன்னொன்று வழுக்கிப் போய்விடும். பெயர்களும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. லாக்டோபேசில்லஸ் என்ற ஒரே பேரினத்தை 2020-இல் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். மைசூருவின் ஃபெர்மென்டம் இப்போது லிமோசிலாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்டம். ஆகவே புட்டியில் ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அரிசி மூட்டையில் ‘அரிசி’ என்று மட்டும் எழுதியதற்கு ஒப்பு.

ஒரு ரகம் குடல்வரை உயிரோடு போய்ச் சேருமா என்பது ஆய்வகத்தின் முதல் கேள்வி. வெறும் வயிற்றின் அமிலம் பி.எச். 2-ஐ ஒட்டியது. அதே கடுமையில் அமிலம் கலந்த திரவத்தில் பாக்டீரியாவை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, எத்தனை பிழைத்தன என்று எண்ணுகிறார்கள். அடுத்து 0.3 சதவீதம் பித்த உப்பு கலந்த ஊடகத்தில் வளர்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்த இரண்டு கண்டத்தையும் தாண்டியவற்றுக்குத்தான் ஒட்டும் சோதனை. ஒட்டுவதில் ஏன் இத்தனை அக்கறை? குடல் ஓடிக்கொண்டே இருக்கும் வாய்க்கால். உணவும் நீரும் அதில் தள்ளப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன. கரையைப் பிடித்துக்கொள்ளத் தெரியாத பாக்டீரியா ஓரிரு நாளில் வெளியேறிவிடும். பிடித்துக்கொண்டால் அங்கே பெருகலாம், நோய்க்கிருமி உட்காரும் இடத்தை முன்னதாகவே பிடிக்கலாம், குடல் சுவருக்குப் பின்னால் காத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களோடு பேச்சுவார்த்தை நடத்தலாம். இந்தத் தர்க்கத்தில் தவறில்லை. ‘லாம்’ என்று முடியும் ஒவ்வொரு வினையையும் ‘கிறது’ என்று மாற்ற எவ்வளவு சான்று வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

சோதனை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் வலிமையும் வரம்பும் தாமாகவே விளங்கும். இதற்கு உலகெங்கும் அதிகம் பயன்படுபவை கேகோ-2, எச்.டி.-29 என்ற இரண்டு செல் வகைகள். இரண்டுமே மனிதப் பெருங்குடல் புற்றுக் கட்டிகளிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டவை. சாகாமல் பெருகிக்கொண்டே இருப்பதால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கைமாறி வாழ்கின்றன. கேகோ-2 செல்களைக் கிண்ணக்குழிகளில் பரப்பி, 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதம் கரியமில வாயு உள்ள இன்குபேட்டரில் ஏறக்குறைய மூன்று வாரம் வளர்த்தால், அவை ஒன்றோடொன்று நெருங்கி ஒரே படலமாகி, சிறுகுடலில் இருப்பதுபோன்ற நுண்விரல்களை மேற்புறத்தில் முளைக்கவிடும். அந்தப் படலத்தின்மீது மில்லிக்குப் பத்துக் கோடி என்ற கணக்கில் பாக்டீரியாவை ஊற்றி, ஓரிரு மணி நேரம் விட்டுவைப்பார்கள். பிறகு உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவுவார்கள். ஒட்டாதவை கழுவலோடு போய்விடும். ஒட்டியவற்றை டிரிப்சின் நொதியாலோ சோப்புபோன்ற ஒரு கரைசலாலோ பெயர்த்தெடுத்து, லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கென்றே உள்ள எம்.ஆர்.எஸ். அகார் தட்டில் பரப்பினால், ஒன்றிரண்டு நாளில் வெள்ளைப் புள்ளிகளாகக் கூட்டங்கள் எழும்பும். போட்டது எத்தனை, ஒட்டி மிஞ்சியது எத்தனை என்ற விகிதமே ஒட்டுத்திறன். இதற்குத் துணையாக, பாக்டீரியாவின் மேற்புறம் எண்ணெய்த்தன்மையை எவ்வளவு நாடுகிறது என்பதை சைலீன்போன்ற திரவத்தில் குலுக்கியும் அளப்பார்கள். ஒட்டுவதற்கு உதவும் புரதங்களின் மரபணுக்கள் இருக்கின்றனவா, அவை செயல்படுகின்றனவா என்பதையும் தேடுவார்கள்.

எளிமையான, செலவு குறைந்த, ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து ரகங்களை ஒப்பிட உதவும் சோதனை இது. இதன் எளிமையே இதன் குறையும்கூட. கேகோ-2 படலத்தின்மேல் சளி இல்லை. உயிருள்ள குடலிலோ செல்கள் வெறும் மேனியாக நிற்பதில்லை. சளிப்படலம் அவற்றைப் போர்த்தியிருக்கிறது. பெருங்குடலில் அந்தச் சளி இரண்டு அடுக்கு. செல்லை ஒட்டிய உள்ளடுக்கில் பாக்டீரியா ஏறக்குறைய இல்லவே இல்லை என்று சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகக் குழு 2008-இல் சுண்டெலிகளில் காட்டியது. அதாவது, தட்டில் நாம் அளக்கும் சந்திப்பு, நலமான பெருங்குடலில் பெரும்பாலும் நிகழாத சந்திப்பு. சளி சுரக்கும் வகையில் மாற்றப்பட்ட எச்.டி.-29 செல்களைப் பயன்படுத்தி இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கிறார்கள். ஆனால் தட்டில் குடலின் அசைவு இல்லை, உணவு இல்லை, ஏற்கெனவே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் இல்லை. காலியான பேருந்தில் இடம் பிடிப்பதை வைத்து, தீபாவளிக் கூட்டத்தில் ஒருவர் இடம் பிடிப்பாரா என்று சொல்ல முடியுமா? மேலும், எத்தனை முறை கழுவினார்கள், செல்களின் வயது என்ன, எத்தனை பாக்டீரியாவை ஊற்றினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ரகத்துக்கு வெவ்வேறு ஆய்வகங்களில் வெவ்வேறு விகிதம் கிடைக்கும். எனவேதான் கவனமான ஆய்வாளர், தெரிந்த ஒரு ரகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சொல்வார். தனியாக நிற்கும் ஒரு சதவீதத்துக்குப் பொருள் குறைவு.

இப்படி ஒப்பிட அடிக்கடி பயன்படும் ரகம் எல்.ஜி.ஜி. அமெரிக்க ஆய்வாளர்கள் ஷெர்வுட் கோர்பாக், பேரி கோல்டின் இருவரும் 1980-களில் நலமான மனிதக் குடலிலிருந்து எடுத்த ரகம். பெயரின் கடைசி இரண்டு ‘ஜி’க்களும் அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகள். அமிலத்தைத் தாங்குவது, பித்தத்தைத் தாங்குவது, குடல் செல்லில் ஒட்டுவது என்ற தகுதிகளைப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஏன் அவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்பதற்கு 2009-இல் விடை கிடைத்தது. அதன் உடலில் மயிரிழைபோன்ற நீட்சிகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள ஒரு புரதம் குடல் சளியைப் பற்றிக்கொள்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் அந்த இழைகள் இல்லாத இன்னொரு ரகத்தைவிட எல்.ஜி.ஜி. மனிதக் குடலில் அதிக நாள் தங்கியதையும் அதே ஆய்வு காட்டியது. இங்கே தட்டு சொன்னது மெய்யானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒட்டும் சோதனை, ‘தங்குமா?’ என்ற கேள்விக்கு ஓரளவு நம்பத்தக்க குறிப்பைத் தரக்கூடியது.

ஆனால் நோயாளியின் கேள்வி ‘தங்குமா?’ அல்ல, ‘குணமாகுமா?’. 2018-இல் அமெரிக்காவின் பத்து அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வயிற்றுப்போக்கோடு வந்த 971 குழந்தைகளைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு ஐந்து நாள் எல்.ஜி.ஜி., மீதிப் பேருக்கு அதேபோல் தோன்றும் வெற்றுப் பொடி. அடுத்த 14 நாளில் நோய் ஓரளவு கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருந்தவர்கள் எல்.ஜி.ஜி. பெற்றவர்களில் 11.8 சதவீதம், வெற்றுப் பொடி பெற்றவர்களில் 12.6 சதவீதம். வயிற்றுப்போக்கு நீடித்த நேரம் இரு தரப்பிலும் ஏறக்குறைய 50 மணி. கனடாவில் 886 குழந்தைகளிடம் வேறு இரண்டு ரகங்களைக் கலந்து கொடுத்துப் பார்த்த பரிசோதனையும் அதே முடிவோடு வெளியானது. அதே சமயம், ஆன்டிபயாடிக் சாப்பிடும் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் எல்.ஜி.ஜி.க்கு நல்ல சான்றுகள் உண்டு. ரகம் ஒன்று, ஒட்டும் திறனும் ஒன்று. ஒரு நோயில் பயன், இன்னொன்றில் பயனில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் யோகர்ட் என்ற வகைத் தயிர். அதைப் புளிக்கவைக்கும் இரண்டு பாக்டீரியாக்களில் ஒன்று, மைசூரு ஆய்வில் வந்த டெல்புரூக்கி இனத்தின் பல்கேரிக்கஸ் கிளை. யோகர்ட் பாக்டீரியாக்கள் மனிதக் குடலில் குடியேறுபவை அல்ல. வழிப்போக்கர்கள்போலக் கடந்து போய்விடுபவை. ஆனால் போகிற போக்கில் தங்கள் நொதியால் பால் சர்க்கரையை உடைத்துக் கொடுக்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனால்தான். புரோபயாடிக் விளம்பர வாசகங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிராகரித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2010-இல் ஏற்றுக்கொண்டது இந்த ஒரு பயனை. நன்றாக ஒட்டுகிற எல்.ஜி.ஜி. ஒரு பெரிய பரிசோதனையில் தோற்றது. ஒட்டாத யோகர்ட் பாக்டீரியா ஒரு பெரிய ஆணையத்தின் முன் வென்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒட்டுவது வேறு, உதவுவது வேறு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நோயெதிர்ப்புச் சோதனைகளிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் சிக்கலாக. ஆய்வகத்தில் பெரும்பாலும் செய்வது இது: சுண்டெலியிலிருந்து வந்த விழுங்கு செல்களையோ, மனித ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களையோ, குடல் செல்களையோ எடுத்துக்கொள்வார்கள். ஈ.கோலை போன்ற கிருமிகளின் மேலுறையில் உள்ள எல்.பி.எஸ். என்ற பொருளை விட்டு அவற்றைச் சீண்டுவார்கள். செல்கள் ஆத்திரப்பட்டு, டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லியூகின்-6 போன்ற அழற்சித் தூதுப் பொருள்களைச் சுரக்கும். புரோபயாடிக் ரகத்தைச் சேர்த்தபின் இவை குறைந்து, தணிக்கும் தூதரான இன்டர்லியூகின்-10 கூடினால், அந்த ரகத்துக்கு அழற்சி தணிக்கும் இயல்பு உண்டு என்று எழுதுவார்கள். வேறு சில ரகங்கள் இதற்கு மாறாக அழற்சித் தூதுகளைத் தூண்டும். அவற்றுக்கு ‘நோயெதிர்ப்பைத் தூண்டுபவை’ என்று பெயர். விளம்பரத்தில் இரண்டும் ‘இம்யூனிட்டி’ என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லுக்குக் கிராக்கி அதிகம். ஆனால் நோயெதிர்ப்பு, கூட்டக் கூட்ட நல்லது என்ற வகைச் சரக்கு அல்ல. அடுப்புக்குள் எரிந்தால் சோறு வேகும். அதே தீ கூரைக்குத் தாவினால் வீடு போகும். முடக்குவாதமும் ஆஸ்துமாவும் குடல் புண் நோய்கள் சிலவும் நோயெதிர்ப்பு குறைந்ததால் வருபவை அல்ல, தவறாகப் பாய்ந்ததால் வருபவை. தட்டில் ஒரு தூதுப் பொருள் ஒன்றரை மடங்கு ஏறியது என்பதை வைத்து, ஒருவருக்குச் சளி குறையும் என்றோ மூட்டுவலி தணியும் என்றோ சொல்ல வழியே இல்லை. எந்தத் திசையில், எவருக்கு, எந்த நோயில் என்ற மூன்றையும் சொல்லாத ‘இம்யூனிட்டி’ பொருளற்ற சொல்.

ஒட்டுவது என்பதுகூட எல்லா மனிதரிடமும் ஒன்றுபோல் நடப்பதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பதினொரு ரகங்கள் கலந்த புரோபயாடிக்கைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். மலத்தைப் பார்த்தே முடிவு சொல்லும் வழக்கத்தை விட்டு, உள்நோக்குக் கருவி செலுத்திக் குடல் சுவரிலிருந்தே மாதிரி எடுத்தார்கள். மலத்தில் எல்லோருக்கும் அந்த ரகங்கள் தென்பட்டன. குடல் சுவரிலோ சிலரிடம் குடியேறியிருந்தன, சிலரிடம் இடமே கிடைக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் புதியவருக்கு வாசல் திறக்கிறது. உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்று நம் ஊரில் சொல்வது இந்த ஆய்வுக்கு எழுதிய சுருக்கம்போல் இருக்கிறது. அதே குழுவின் இன்னொரு ஆய்வில், ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் புரோபயாடிக் எடுத்துக்கொண்டவர்களின் குடல், தன் பழைய நுண்ணுயிர்ச் சமூகத்துக்குத் திரும்பத் தாமதமானது. அங்கே புதிய பாக்டீரியா நன்றாகவே ஒட்டியது. அதுவே சொந்தக் குடிகள் திரும்பி வரத் தடையாகவும் இருந்தது.

அப்படியானால் தட்டுச் சோதனைகளை மூட்டை கட்டிவிடலாமா என்று கேட்கலாம். கூடாது. நம் நாட்டின் மிக நல்ல புரோபயாடிக் பரிசோதனை அந்தத் தட்டிலிருந்துதான் தொடங்கியது. பினாகி பாணிக்ரஹி தலைமையிலான குழு, 200-க்கும் மேற்பட்ட ரகங்களை ஆய்வகத்தில் சலித்து, பிளான்டாரம் இனத்து ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. முதலில் சில பச்சிளங்குழந்தைகளுக்கு ஏழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நிறுத்திய பிறகும் அது பலரின் குடலில் சில மாதங்கள் தங்கியது. பிறகு ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளைக் கொண்டு பெரிய பரிசோதனை. பிறந்த சில நாளில் தொடங்கி ஒரு வாரம் மட்டும், அந்த ரகமும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையும் பாதிக் குழந்தைகளுக்கு. மீதிக் குழந்தைகளுக்கு வெற்றுப் பொடி. அறுபது நாளில் ரத்தத்தொற்றோ இறப்போ நேர்ந்தது வெற்றுப் பொடிக் குழுவில் 9 சதவீதம், புரோபயாடிக் குழுவில் 5.4 சதவீதம். நாற்பது சதவீதக் குறைவு. முடிவு 2017-இல் நேச்சர் இதழில் வந்தது. இறப்புகள் மிகச் சிலவே என்பதால் பயன் பெரும்பாலும் தொற்று குறைந்ததில்தான் என்பதையும், இரண்டு கிலோவுக்குக் குறையாத எடையுள்ள குழந்தைகளையே சேர்த்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தட்டு சலித்துக் கொடுத்தது, சிறிய ஆய்வு தங்குமா என்று பார்த்தது, பெரிய ஆய்வு பயனைச் சொன்னது. தட்டிலிருந்து நேரே கடைக்குத் தாண்டிக் குதிக்கவில்லை. தட்டுச் சோதனையின் உண்மையான மதிப்பு இதுதான்: இருநூறை ஒன்றாகக் குறைத்துத் தருவது.

அந்தத் தட்டுக்கு இன்னொரு கடமையும் உண்டு. விளம்பரங்களில் அது வருவதே இல்லை. பாதுகாப்பு பார்ப்பது. ரத்தம் கலந்த அகாரில் வளர்த்து, சிவப்பணுக்களைச் சிதைக்கிறதா என்று சோதிப்பார்கள். எந்தெந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று பார்ப்பார்கள். மைசூருவின் ஹலாமி குழு 2012-இல், இந்தியப் புளித்த உணவுகளிலிருந்து எடுத்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் இருப்பதைப் பதிவு செய்தது. இத்தகைய மரபணு சில நேரம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது. நன்றாக ஒட்டி, நாள்கணக்கில் தங்கி, அக்கம்பக்கத்துக் கிருமிகளுக்கு மருந்தெதிர்ப்பைச் சொல்லிக்கொடுக்கும் பாக்டீரியா நமக்கு நண்பன் அல்ல. ஒட்டுவது தன்னளவில் நல்ல குணமும் அல்ல. சால்மோனெல்லாவும் நோய்தரும் ஈ.கோலையும் குடலில் ஒட்டித்தான் நோய் தருகின்றன.

‘எப்படியும் கெடுதல் செய்யாதே, சாப்பிட்டால் என்ன?’ என்ற வாதம் அடிக்கடி கேட்பது. நலமானவர்களுக்குப் பெரும்பாலும் அது சரிதான். ஆனால் நோயாளிக்கு அல்ல. கடுமையான கணைய அழற்சியோடு நெதர்லாந்து மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களிடம் நடந்து 2008-இல் வெளியான பரிசோதனையில், ஆறு ரகங்கள் கலந்த புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். பெறாத 144 பேரில் 9 பேர். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், எல்.ஜி.ஜி. கொடுக்கப்பட்ட 522 பேரில் 6 பேரின் ரத்தத்தில் அந்த பாக்டீரியா கலந்திருந்தது. மரபணு வரிசையைப் பார்த்து, அது குப்பியிலிருந்து வந்ததே என்று உறுதி செய்தார்கள். எதிர்ப்பாற்றல் குன்றியவர், ரத்தநாளத்தில் குழாய் பொருத்தப்பட்டவர், குறைமாதக் குழந்தை ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இவைபோன்ற பதிவுகள்தான்.

இன்னொரு மறுப்பு நம் சமையலறையிலிருந்து வரும்: பழைய சோறும் மோரும் இட்லியும் தலைமுறை தலைமுறையாக நம்மை வாழவைக்கவில்லையா, அதற்குத் தட்டும் எலியும் எதற்கு? புளித்த உணவுகள் நல்ல உணவுகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல உணவும் புரோபயாடிக்கும் ஒன்றல்ல. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லூக்கோனோஸ்டாக் பாக்டீரியா இட்லிக் கொப்பரையின் ஆவியில் செத்துப்போகிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு வருவது அது செரித்துக் கொடுத்த மாவுதான், அது அல்ல. மோரிலும் பழைய சோற்றிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. ஆனால் எந்த ரகம், எத்தனை என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். அதனால் மோரின் பெருமை குறைந்துவிடாது. மோரின் பெருமையை எடுத்துக்காட்டி, முகம் தெரியாத ஒரு ரகத்தைக் குப்பியில் அடைத்து விற்கக் கூடாது என்பதே செய்தி. பழைய சோற்றுக்கு யாரும் ‘இம்யூனிட்டி’ என்று சீட்டு ஒட்டி விலை கூட்டவில்லை. விலை கூட்டுகிறவரிடம்தான் சான்று கேட்கிறோம்.

மனிதரிடம் பரிசோதிக்கப் பணம் எங்கே என்பது கடைசி மறுப்பு. நியாயமான கவலைதான். ஒடிசா ஆய்வுக்கு அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிதி உதவியது. எல்லா ரகத்துக்கும் அப்படி நிதி வராது. ஆனால் முடியவே முடியாது என்பது பொய். கொல்கத்தாவின் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் ஒன்று முதல் ஐந்து வயதுவரையிலான 3,758 குழந்தைகளிடம் ஷிரோட்டா ரகம் கலந்த பால் பானத்தை 12 வாரம் தினமும் கொடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2011-இல் வந்தது: வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகள் அந்தப் பானம் குடித்த குழுவில் 608, சாதாரணச் சத்துப் பானம் குடித்த குழுவில் 674. ஏறக்குறைய 14 சதவீதப் பாதுகாப்பு. பெரிய அதிசயம் இல்லை. ஆனால் நேர்மையான எண். தட்டில் கிடைக்கும் கண்ணைப் பறிக்கும் விகிதங்களைவிட, தெருவில் கிடைத்த இந்த 14 சதவீதம் ஒரு தாய்க்குப் பயன்படும் செய்தி. ஒரு ரகத்தின் பெயரால் ஆண்டுதோறும் சம்பாதிக்கிறவர் அதே ரகத்துக்கு ஒரு முறையாவது இப்படிப்பட்ட பரிசோதனை நடத்தட்டும் என்று கேட்பது அதிகம் அல்ல. முடியாவிட்டால், பொருளை விற்கலாம். வாக்குறுதியை விற்க வேண்டாம்.

இந்த நிலைப்பாடு புதிதும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதே ஏணியைத்தான் வகுத்திருக்கின்றன: ரகத்தை அடையாளம் காண், தட்டில் சோதி, விலங்கில் பாதுகாப்பைப் பார், மனிதரிடம் பயனை நிறுவு, பிறகு சீட்டில் எழுது. பேரினம், இனம், ரகம் மூன்றையும், காலாவதி நாள்வரை உயிரோடு இருக்கும் எண்ணிக்கையையும், சேமிக்கும் முறையையும் சீட்டில் சொல்ல வேண்டும் என்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகள், ஒரு நாள் அளவில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் வேண்டும் என்று பொதுவரம்பு வைத்தன. ஆனால் எண்ணிக்கை பயன் அல்ல. பத்துக் கோடி பேர் வந்தார்கள் என்பது வேலை நடந்ததற்குச் சான்று ஆகாது. சீட்டில் இன்னும் ஒரு வரி வேண்டும்: இந்த ரகம் மனிதரிடம் சோதிக்கப்பட்டதா, எந்த நோய்க்கு, எந்த அளவில்? அந்த வரியைக் கட்டாயமாக்குவது ஆணையத்தின் வேலை. அதுவரை வாசகர் தாமே கேட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை மருந்துக் கடையில் புரோபயாடிக் அட்டை கைக்கு வரும்போது திருப்பிப் பாருங்கள். இனப் பெயருக்குப் பின்னால் ரகத்தின் எண்ணோ எழுத்தோ இல்லையென்றால், அந்த ரகத்தை யார் எங்கே சோதித்தார்கள் என்று தேடிப்பார்க்கக்கூட உங்களுக்கு வழியில்லை. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் குடியுங்கள்.